தாய்வழிக் கிளையும் தாய்மொழியும்

"டி.என்.ஏ. பரிசோதனையில் என் தாய்வழி மரபு 'எம்' என்று வந்திருக்கிறது. இந்தியாவில் 'எம்' திராவிடருக்கு உரியது என்று படித்தேன். அப்படியானால் என் தாய்வழி மூதாதையர் திராவிட மொழி பேசியவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? பொதுவாகவே, தாய்வழி மரபணுவை வைத்து மொழிக்குடும்பங்கள் பரவிய வழியைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு விடை: எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது கேள்விக்கு விடை கொஞ்சம் நீளம். தாய்வழி மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழியின் பயணத்தைச் சொல்லிவிட முடியாது. அதைத் தந்தைவழி மரபோடும், திருமணத்துக்குப் பின் யார் யாருடைய வீட்டுக்குப் போனார்கள் என்ற வழக்கத்தோடும் சேர்த்துப் படித்தால், வேறு எந்தச் சான்றும் தராத ஒரு செய்தியை அது தரும். ஒரு மொழி புதிய நிலத்துக்கு வந்து சேர்ந்தபோது பெண்களும் கூட வந்தார்களா, அல்லது வந்த ஆண்கள் அங்கேயே இருந்த பெண்களை மணந்துகொண்டார்களா என்பதே அந்தச் செய்தி.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். மைட்டோகாண்ட்ரியா என்பது உயிரணுவுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் சிறு உறுப்பு. அதற்குச் சொந்தமாக ஒரு டி.என்.ஏ. வளையம் உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவ்வளவுதான். இதன் முழு வரிசையையும் 1981-இல் கேம்பிரிட்ஜில் படித்து முடித்தார்கள். கருவுறும்போது விந்தணுவோடு வரும் மைட்டோகாண்ட்ரியா அழிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே தாயினுடையது மட்டுமே மகனுக்கும் மகளுக்கும் போய்ச் சேர்கிறது. மகனிடம் அது நின்றுவிடும். மகள் வழியாகத் தொடரும். மற்ற குரோமோசோம்கள் தலைமுறைதோறும் சீட்டுக்கட்டைப் போலக் கலைக்கப்படுகின்றன. இந்த வளையம் கலையாது. எப்போதாவது ஓர் எழுத்து பிழையாகப் படியெடுக்கப்பட்டால், அந்தப் பிழை அந்தப் பெண்ணின் வயிற்று வழி வந்த எல்லோரிடமும் அடையாளமாக நிற்கும். அந்த அடையாளங்களைக் கோத்துத்தான் எம், என், ஆர், யு, பி என்று கிளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமுக்கும் இதேபோல் தனி மரம் உண்டு.

எப்போதாவது என்று சொன்னேன் அல்லவா? கணக்கு என்னவென்றால், ஒரு தாய்வழித் தொடரில் முழு வளையத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து மாறுகிறது. இதை மொழியின் வேகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லத்தீன் ஒரே மொழியாக இருந்து, பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், ருமேனியம் என்று ஒருவருக்கொருவர் புரியாத மொழிகளாகப் பிரிய 2,000 ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை. திராவிட மொழிக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று 2018-இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. தமிழும் தெலுங்கும் கோண்டியும் பிராகுயியும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்து இன்றைய நிலைக்கு வந்த அந்த நெடுங்காலம் முழுவதிலும், ஒரு தாய்வழித் தொடரில் ஓர் எழுத்து, மிஞ்சினால் இரண்டு எழுத்துகள் மாறியிருக்கும். சில தொடர்களில் ஒன்றுகூட மாறாமலே இருந்திருக்கும். மொழி நொடிமுள் என்றால் தாய்வழி மரபு மணிமுள். மணிமுள்ளைப் பார்த்து நொடியைச் சொல்லும் முயற்சியில்தான் இந்தத் துறையின் குழப்பங்களில் பாதி பிறக்கிறது.

உங்கள் 'எம்' கிளையையே எடுத்துக்கொள்வோம். அதன் வயது ஏறத்தாழ 50,000 முதல் 60,000 ஆண்டுகள். ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய மனிதர்கள் ஆசியாவில் பரவத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது. ஒலி மாற்றங்களை ஒழுங்காக ஒப்பிட்டு மொழிகளின் உறவை நிறுவும் முறை 8,000 அல்லது 10,000 ஆண்டுகளுக்கு அப்பால் கை நழுவிவிடுகிறது. அதற்குள் எல்லாச் சொற்களும் தேய்ந்தோ மாற்றப்பட்டோ போய்விடும். அப்படியிருக்க, 50,000 ஆண்டு பழைய ஒரு கிளைக்கு 4,500 ஆண்டு வயதுள்ள ஒரு மொழிக்குடும்பத்தின் பெயரை எப்படி ஒட்டுவது? 'எம்' கிளை இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. இந்தி, வங்காளம், மராத்தி பேசுபவர்களிடம் இருக்கிறது. சந்தாலி, முண்டாரி பேசுபவர்களிடம் இருக்கிறது. தமிழ், தெலுங்கு பேசுபவர்களிடம் இருக்கிறது. எம்31, எம்32 என்ற உட்கிளைகள் அந்தமான் தீவுகளின் பழங்குடிகளிடம் இருக்கின்றன. எம்7 ஜப்பானில் இருக்கிறது. சி, டி என்று தனி எழுத்துப் பெற்ற கிளைகளும் 'எம்'மின் வழித்தோன்றல்களே. அவை சைபீரியா வழியாக அமெரிக்கக் கண்டங்களுக்குப் போய், அங்குள்ள தொல்குடிகளின் முக்கியத் தாய்வழிகளாக ஆகிவிட்டன. ஆண்டிஸ் மலையில் கெச்சுவா மொழி பேசும் ஒரு பெண்ணும் நீங்களும் 'எம்' என்ற ஒரே பெருங்கிளையில் உட்கார்ந்திருக்க முடியும். "எம் என்றால் திராவிடம்" என்று எழுதுபவர்கள் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தச் சமன்பாடு நிறையப் பேரைத் தவறான பெருமைக்கும் தவறான கோபத்துக்கும் இழுத்துச் சென்றிருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்கள் மூதாதையர் மரத்தில் 1,024 இடங்கள் இருக்கும். தாய்வழி வளையம் காட்டுவது அதில் ஒரே ஓர் இடத்தை: தாயின் தாயின் தாய் என்று நேராகப் போகும் ஒரு கோட்டை. மற்ற 1,023 பேரும் எங்கிருந்து வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி அதற்கு ஒரு வார்த்தையும் தெரியாது. போதாததற்கு, ஒரே ஒரு கோடு என்பதால் தற்செயலாக அற்றுப்போகவும் செய்யும். ஒரு பெண்ணுக்கு மகன்கள் மட்டுமே பிறந்தால் அவளோடு அவள் கிளை முடிந்துவிடும். நடு ஐரோப்பாவுக்கு முதன்முதலில் வேளாண்மையைக் கொண்டுவந்தவர்களின் எலும்புகளிலிருந்து 2005-இல் 24 பேரின் தாய்வழியைப் படித்தார்கள். அவர்களில் 6 பேர் 'என்1ஏ' என்ற கிளை. இன்றைய ஐரோப்பியர்களில் அந்தக் கிளை ஆயிரத்தில் இரண்டு பேரிடம் இருந்தாலே அதிகம்.

இனி, தாய்வழி மரபு உண்மையிலேயே பேசும் இடங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது முண்டா மொழிகளின் கதை. சந்தாலி, முண்டாரி, ஹோ, சோரா ஆகிய மொழிகள் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் அண்டை மாநிலங்களிலும் பேசப்படுகின்றன. சந்தாலி பேசுபவர்கள் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 73 லட்சத்துக்கும் மேல். இவை இந்தி, வங்காளம் முதலியவை சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பமும் அல்ல, திராவிடமும் அல்ல. கம்போடியாவின் கெமெர், வியட்நாமியம், மேகாலயாவின் காசி, நிக்கோபாரின் மொழிகள் ஆகியவற்றோடு சேர்ந்து ஆஸ்திரோ-ஆசியக் குடும்பமாக நிற்பவை. கண்ணுக்குச் சந்தாலியில் 'மெத்', காசியில் 'க்மத்', வியட்நாமியத்தில் 'மத்'. இப்படி ஒரு சொல்லை வைத்து யாரும் உறவை நிறுவுவதில்லை. எண்ணுப்பெயர்கள், உடலுறுப்புகள், ஒலிகளின் ஒழுங்கான பொருத்தம் என்று நூற்றுக்கணக்கான சான்றுகள் திரண்டு நிற்கின்றன.

ஆகவே இந்த மொழி தென்கிழக்காசியாவிலிருந்து யார் நாவிலோ ஏறித்தான் இந்தியாவுக்குள் வந்திருக்க வேண்டும். யார் அவர்கள்? முண்டா மொழி பேசும் ஆண்களின் ஒய் குரோமோசோமில் 'ஓ-எம்95' என்ற தென்கிழக்காசியக் கிளை பெரும்பங்கு வகிக்கிறது. தாய்வழியைத் திறந்து பார்த்தால் அங்கே தென்கிழக்காசியா இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்கு எல்லாமே இந்தியக் கிளைகள். தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்த முழு மரபணுவைப் பார்த்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் தென்கிழக்காசியத் தடம். இந்தப் படம் தெளிவானபோது கிடைத்த முடிவு இது: ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பு பெரும்பாலும் ஆண்களாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது, இங்கிருந்த பெண்களை மணந்திருக்கிறது, பிள்ளைகள் தந்தையரின் மொழியைப் பேசியிருக்கிறார்கள். கடல்வழியாக ஒடிசாக் கரையில் வந்து இறங்கியவர்கள் அவர்கள் என்ற கருத்தை அண்மைக்காலத்தில் மொழியியலாளர்கள் சிலர் முன்வைக்கிறார்கள். ஒரு தாய் தன் குழந்தைக்குத் தன் தாயின் மொழியைச் சொல்லாமல், கணவன் வீட்டார் மொழியைச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். முண்டா மொழிகளை இந்த மண்ணில் வேரூன்றச் செய்தவர்கள் அந்த மொழிக்கு அயலாராகப் பிறந்த பெண்கள். அவர்கள் முன்பு பேசிய மொழிகளின் பெயரைக்கூட நாம் அறிய வழியில்லை. அவர்களுடைய வளையம் மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த காசி மொழியைப் பேசுபவர்களிடம் தாய்வழியிலும் கிழக்காசியக் கிளைகள் கணிசமாக இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. நிக்கோபாருக்குப் போனால் தாய்வழி முழுக்கவே தென்கிழக்காசியம். அங்கே பெண்களும் ஆண்களும் சேர்ந்தே படகேறியிருக்கிறார்கள். ஒரே மொழிக்குடும்பத்துக்கு மூன்று இடங்களில் மூன்று விதமான தாய்வழி வரலாறு. "ஆஸ்திரோ-ஆசியத் தாய்வழி" என்று ஒன்றைத் தேடிப் புறப்படுபவர் எதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்புவார்?

முண்டாக்களிடம் காணும் இந்தப் பாங்கு உலகின் பல இடங்களில் மறுபடி மறுபடி வருகிறது. ஐஸ்லாந்தில் கி.பி. 870 வாக்கில் குடியேறிய ஆண்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஸ்காண்டிநேவியர். பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். இன்றைய ஐஸ்லாந்து மொழியோ பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நோர்ஸின் நேர் வாரிசு. கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில் ஸ்பானியம் பேசும் மக்களிடம் தாய்வழியில் ஏறத்தாழ 90 விழுக்காடு அமெரிக்கத் தொல்குடிக் கிளைகள். தந்தைவழியில் ஏறத்தாழ 94 விழுக்காடு ஐரோப்பியக் கிளைகள். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எவ்வளவு வன்முறை இருக்கிறது என்பதை வரலாறு படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இத்தகைய எடுத்துக்காட்டுகள் குவிந்ததால்தான் 1990-களிலிருந்தே 'தந்தைமொழிக் கருதுகோள்' என்று ஒன்று வலுப்பெற்றது. 2011-இல் பீட்டர் ஃபார்ஸ்டரும் காலின் ரென்ஃப்ரூவும் அதைச் சுருக்கமாக எடுத்துரைத்தார்கள்: புதிதாக வந்த மொழி ஒரு நிலத்தில் நிலைத்திருந்தால், அங்கே வந்த ஆண்களின் ஒய் குரோமோசோமும் பெரும்பாலும் நிலைத்திருக்கும்; தாய்வழி பழைய மண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அழகான கருதுகோள். அதை ஒரு விதியாக ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், பசிபிக் கடல்.

வானத்துக்கு மலாயில் 'லாங்கித்', மடகாஸ்கரின் மலகாசியில் 'லானித்ர', நியூசிலாந்தின் மாவோரியில் 'ரங்கி', ஹவாயியில் 'லானி'. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக்கின் நடுவரை ஒரே வானம், ஒரே சொல். இது ஆஸ்திரோனேசியக் குடும்பம். இதைப் பேசும் பாலினீசியர்களிடம் (ஹவாய், நியூசிலாந்து உள்ளிட்ட பசிபிக் தீவுகளின் மக்கள்) 2006-இல் செய்த ஆய்வில், தாய்வழியில் ஏறத்தாழ 94 விழுக்காடு ஆசியக் கிளைகள் என்று தெரிந்தது. அதிலும் 'பி4ஏ1ஏ1' என்ற ஒரே கிளையின் ஆதிக்கம். தந்தைவழியிலோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நியூகினியும் அதை ஒட்டிய தீவுகளுமான மெலனேசியாவைச் சேர்ந்தது. முண்டாக் கதை அப்படியே தலைகீழ். இங்கே மொழியோடு பயணம் செய்தது தாய்வழி. வழியில் இருந்த தீவுகளின் ஆண்கள் வந்து சேர்ந்துகொண்டு மனைவியரின் மொழிக்கு மாறியிருக்கிறார்கள். பசிபிக் தீவுகளின் தொன்மையான ஆஸ்திரோனேசியச் சமூகங்களில் குலம் தாய்வழியே சென்றது என்றும், மணமானபின் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போனான் என்றும் உறவுமுறைச் சொற்களை ஒப்பிட்டு மானிடவியலாளர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மரபணு அதற்குப் பொருந்தி வந்தது.

மடகாஸ்கரில் இது இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. மலகாசிக்கு மிக நெருங்கிய உறவு, போர்னியோவின் தென்கிழக்கில் பாரிட்டோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மாஅன்யான் மொழி. இதை ஓட்டோ தால் 1951-இல் நிறுவினார். நடுவில் இந்தியப் பெருங்கடல் முழுவதும் கிடக்கிறது. 2012-இல் மலகாசியரின் தாய்வழி வரிசைகளை வைத்துக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குடியேற்றத்தைத் தொடங்கி வைத்த பெண்கள் ஏறக்குறைய 30 பேர்தான் என்றும், அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் வந்தது. முப்பது பேர்! ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். இன்று மலகாசியரின் தாய்வழியில் பாதியளவு ஆசியம். தந்தைவழியில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா. பேசும் மொழி அந்த முப்பது பெண்களின் தரப்பிலிருந்து வந்த மொழி. உலகில் "தாய்மொழி" என்ற சொல் மரபணுப்படியும் பொருந்தும் இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் மடகாஸ்கரைத்தான் காட்டுவேன்.

ஆக, சில இடங்களில் மொழி ஆண்களோடு போகிறது, சில இடங்களில் பெண்களோடு போகிறது. எதைப் பொறுத்து? இதற்கு மிகத் தெளிவான விடையை 2017-இல் இந்தோனேசியாவின் சும்பா, தீமோர் தீவுகளில் 25 கிராமங்களில் செய்த ஆய்வு கொடுத்தது. சும்பாவில் மணமகள் கணவன் ஊருக்குப் போய்விடுவாள். நடுத் தீமோரில் மணமகன் மனைவி ஊருக்கு வந்து தங்குவான். இரண்டு இடங்களிலும் மக்களின் தாய்வழி, தந்தைவழி மரபையும் அவர்கள் பேசும் மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பெண் இடம்பெயரும் ஊர்களில் மொழி ஒய் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஆண் இடம்பெயரும் ஊர்களில் மொழி தாய்வழி வளையத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஒரே வட்டாரத்துத் தீவுகள் இவை, வேறுபாடு மணவழக்கில்தான்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மணமாகி வேற்றூருக்குப் போகிறவர் அங்கே தனி ஆள். அவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அங்கேயே பிறந்து வளர்ந்து தங்கியவர்கள். பிறக்கும் குழந்தை, தாயோ தந்தையோ யார் அயலூராராக இருந்தாலும், பாட்டனும் பாட்டியும் மாமனும் அத்தையும் விளையாட்டுத் தோழர்களும் பேசும் மொழியைத்தான் பேசப் பழகும். மொழி பாலினத்தைப் பின்பற்றவில்லை, தங்கியவர்களைப் பின்பற்றுகிறது. உலகில் பெண் இடம்பெயரும் வழக்கம்தான் மிகுதி என்பதால், தொகையாகப் பார்க்கும்போது அது "தந்தைமொழி" போலத் தோற்றம் தருகிறது. தாய்லாந்தின் மலைப் பழங்குடிகளிடம் 2001-இல் செய்த ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது: பெண்கள் வெளியிலிருந்து வந்து சேரும் ஊர்களில் தாய்வழிக் கிளைகள் பலவகை, ஆண்கள் வந்து சேரும் ஊர்களில் தந்தைவழிக் கிளைகள் பலவகை.

ஆனாலும், "தங்கியவர் மொழி" என்பதையும் எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்க வேண்டாம். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் கி.மு. 2500-க்கும் 2000-க்கும் இடையே, கருங்கடலுக்கு வடக்கேயுள்ள பெரும் புல்வெளியில் வாழ்ந்த மேய்ப்பர்களின் மரபு கலந்த கூட்டங்கள் நுழைந்து, உள்ளூர் மரபில் 40 விழுக்காட்டையும் ஒய் குரோமோசோம்களில் ஏறத்தாழ அனைத்தையும் மாற்றிவிட்டன. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களிடமும் இந்தப் புதிய தந்தைவழிதான் மிகுதி. இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் பரப்பியவர்கள் இந்தப் புல்வெளி மக்களே என்று கருதப்படுகிறது; ஆகவே தந்தைமொழிக் கருதுகோள் சரியென்றால் பாஸ்க் மக்கள் இந்தோ-ஐரோப்பிய மொழி ஒன்றைப் பேச வேண்டும். அவர்கள் பேசும் பாஸ்க் மொழிக்கோ இன்று உலகில் உறவு மொழியே இல்லை. பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கரும் அப்படித்தான்: புல்வெளி மரபு உண்டு, மொழி இந்தோ-ஐரோப்பியம் அல்ல. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் இதைவிட வியப்பு. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே முதலில் குடியேறியவர்களின் எலும்புகளைப் படித்தால் கிட்டத்தட்ட முழுக்க ஆசிய மரபு. இன்று அங்கு வாழ்பவர்களிடம் பெரும்பகுதி நியூகினிப் பக்கத்துப் பாப்புவா மரபு. மக்களின் மரபே இவ்வளவு மாறியும், அங்குள்ள நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் மொழிகள் அனைத்தும் முதலில் வந்தவர்களின் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தையே சேர்ந்தவை. வந்தவர்கள் ஒரே வீச்சில் வராமல், சிறிது சிறிதாகத் தலைமுறை தலைமுறையாக வந்து கரைந்ததால், ஒவ்வொரு முறையும் அங்கிருந்த மொழியே வென்றிருக்கிறது. ஹங்கேரியில் கி.பி. 895-இல் நுழைந்த மகியார்கள் தங்கள் உராலிய மொழியை நாடு முழுவதற்கும் கொடுத்துவிட்டார்கள். அவர்களின் மரபணுவோ, தாய்வழியானாலும் தந்தைவழியானாலும், இன்றைய ஹங்கேரியரிடம் சிறு துளிதான். ஆட்சி கையில் இருந்தால் ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தும் மொழி நிலைத்துவிடும்.

தாய்மார்கள் ஒரு மொழிக்குடும்பத்தைக் கொண்டுவராத இடத்திலும் மொழிக்குள் தங்கள் தடத்தை விட்டிருக்கலாம். நைஜீரியா-கேமரூன் எல்லைப் பகுதியிலிருந்து 4,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட பாண்டு மொழிகள் ஆப்பிரிக்காவின் தெற்கு முனைவரை பரவின. அந்தத் தெற்கு முனையில் பேசப்படும் சோசா, சூலு போன்ற சில மொழிகளில், பெரும்பாலான பாண்டு மொழிகளில் இல்லாத சொடுக்கொலிகள் நிறைய உண்டு. ஒன்று, இரக்கப்பட்டு நாம் உச்சுக்கொட்டுகிறோமே, அந்த ஒலி. இன்னொன்று, நாக்கை மேலண்ணத்திலிருந்து வெடுக்கென்று எடுக்கும்போது வருவது. மூன்றாவது, குதிரையை விரட்டும்போது கடைவாய்ப் பக்கம் எழுப்புவது. இவை, பாண்டு மொழிகள் வருமுன்பே ஆப்பிரிக்காவின் தெற்கில் பேசப்பட்ட கோய்சான் மொழிகளின் சொத்து. சோசா, சூலு மக்களின் தாய்வழியைப் பார்த்தால் 'எல்0டி' போன்ற கோய்சான் கிளைகள் கணிசமாக இருக்கின்றன. பாண்டு ஊர்களுக்கு மணமாகி வந்த கோய்சான் பெண்கள் தங்கள் வாயில் பழகிய ஒலிகளையும் கொண்டுவந்திருக்கிறார்கள். அவை வேரூன்றியதற்கு 'ஹ்லோனிபா' என்ற வழக்கத்தையும் காரணமாகச் சொல்வார்கள்: மணமான பெண் மாமனாரின் பெயரில் உள்ள அசைகளை வேறு சொற்களிலும் உச்சரிக்கக் கூடாது, அந்த அசை வரும் இடத்தில் அவள் வேறு ஒலியை வைத்துப் பேச வேண்டும். அப்படி வைத்த ஒலிகளில் சொடுக்கொலிகளும் உண்டு. தாயிடம் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் அவற்றைப் பேசினார்கள். இலக்கணம் பாண்டு, ஒலியில் ஒரு பகுதி கோய்சான் பாட்டியினுடையது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்புவோம். உங்கள் கேள்வியின் வேர் அங்குதானே இருக்கிறது. இந்தியாவின் தாய்வழி மரபில் மிகப் பெரும்பங்கு பல பத்தாயிரம் ஆண்டுகளாக இந்தத் துணைக்கண்டத்திலேயே கிளைத்தது: எம்-இன் உட்கிளைகளான எம்2, எம்3, எம்5, எம்6, ஆர்-இன் உட்கிளைகளான ஆர்5, ஆர்6, யு2-இன் இந்தியக் கிளைகள். மொழிக்குடும்ப எல்லையைத் தாண்டும்போது இந்தப் படம் பெரிதாக மாறுவதில்லை. வடமேற்கு நோக்கிப் போகப் போக மேற்கு யூரேசியக் கிளைகளின் பங்கு கூடுகிறது. கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே புல்வெளி மரபு தெற்காசியாவுக்குள் வந்ததை 2019-இல் பழைய எலும்புகளின் டி.என்.ஏ. காட்டியது. இன்றைய மக்களில் அந்த மரபு தந்தைவழியில் கூடுதலாகவும் தாய்வழியில் குறைவாகவும் தெரிகிறது. ஆனால் அதே ஆய்வில் பாகிஸ்தானின் வடக்கிலுள்ள சுவாத் பள்ளத்தாக்கின் இரும்புக்காலக் கல்லறைகளில் நேர்மாறான செய்தி கிடைத்தது: அங்கே புல்வெளி மரபு இருக்கிறது, புல்வெளி ஒய் குரோமோசோம் மிக அரிது. அங்கே அந்த மரபைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரே வருகை, இரண்டு பள்ளத்தாக்குகளில் இரண்டு விதமாக நடந்திருக்க முடியும்.

ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒருவரிடமிருந்துதான் போதிய டி.என்.ஏ. கிடைத்தது. அவர் ஒரு பெண். அவருடைய தாய்வழி யு2பி2. இன்றும் தெற்காசியாவில் வாழும் கிளை. அவரிடம் புல்வெளி மரபு இல்லை. இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, அவர் தமிழின் மூதாதை மொழியைப் பேசினார் என்று ஒரு பக்கமும், சமஸ்கிருதத்தின் மூதாதை மொழியைப் பேசினார் என்று மறுபக்கமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சிந்துவெளித் திராவிடம் என்பது மொழியியல் அடிப்படையில் பேசத்தக்க கருதுகோள்; அதற்கான வாதங்களை எழுத்திலும் இடப்பெயரிலும் கடன்சொற்களிலும் தேட வேண்டும். யு2பி2 என்ற நான்கு எழுத்துப் பெயருக்குள் தேடிப் பயனில்லை. பலுச்சிஸ்தானில் பிராகுயி பேசுபவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பேசுவது திராவிடம், மரபணுவில் அவர்கள் பக்கத்திலுள்ள பலூச்சிகளைப் போன்றவர்கள். பத்தாயிரம் பிராகுயிப் பெண்களின் வளையத்தைப் படித்தாலும் அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதைக் கணிக்க முடியாது.

கடைசியாக, உங்கள் பரிசோதனை முடிவைப் பற்றி. 'எம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அது மேலோட்டமான சோதனை. வளையம் முழுவதையும் படிக்கும் சோதனை செய்தால் எம்2ஏ, எம்3ஏ என்பதுபோல உட்கிளை கிடைக்கும். உதாரணமாக எம்2 என்று வந்தால், துணைக்கண்டத்தின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று அது. உங்கள் நேர்த் தாய்வழியில் ஒரு பெண், இன்று பெயர் தெரிந்த எந்த மொழிக்குடும்பமும் தோன்றுவதற்குப் பல பத்தாயிரம் ஆண்டுகள் முன்பே, இந்த நிலப்பரப்பில் வாழ்ந்தாள் என்று தயங்காமல் சொல்லலாம். அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் வந்த ஓராயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களில் எத்தனை பேர் மணமாகிப் போன இடத்தில் மொழி மாறினார்கள் என்பதற்கு அந்த வளையத்தில் பதிவு இல்லை.

உங்கள் பாட்டியும் அவருடைய தாயும் எந்த ஊரில் பிறந்து எந்த ஊருக்கு மணமாகிப் போனார்கள், வீட்டில் எந்த மொழியில் பேசினார்கள் என்பதை இப்போது கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்த் தாய்வழியின் மொழி வரலாற்றில் உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியது அந்த மூன்று நான்கு தலைமுறைகள்தான். அதைச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும்.